பூனைக்கு மணி கட்டினால் போதாது

ஏப்ரல் 1 ஆம் திகதியில் இருந்து ஓகஸ்ட் 20 வரைக்கும் நோர்வே முழுவதும் பொண்ட்வாங். நாய் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம், மான்குட்டிகள் பிறக்கிற காலம். அதனால் நாயை வாரில் கட்டித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உள் ஒஸ்லோ பியோர்டில் கடற்பறவைகள் கூடு கட்டுகிற காப்புத் தீவுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை மனிதர்கூட இறங்கக்கூடாது. படகை நிற்பாட்டி ஒரு செல்பி எடுக்கவும் அனுமதி இல்லை.

பூனைக்கு? ஒன்றும் இல்லை. ஓஸ்தென்ஷோவான்னெ ஏரிக்கரையில் உங்கள் நாய் வாரில் போகும். நீங்கள் பாதையை விட்டு விலகாமல் நடப்பீர்கள். பக்கத்துக் குடியிருப்பில் இருந்து வருகிற பூனை மட்டும் நாணலுக்குள்ளே தன் பாட்டில் நுழையும். சட்டம் அதைக் கண்டும் காணாத மாதிரி இருக்கிறது.

போன எபிசோட்டில் விலங்குகளுக்குப் போடுகிற சிப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் விட்டோம். அதில் விட்டது இங்கே. இது கொஞ்சம் சங்கடமான விஷயம் எண்டது தெரியும். எங்கட ஆக்களில் கனபேரின்ர வீட்டில பூனை இருக்கு. இன்ஸ்டாவில் அதுக்குத் தனிக் கணக்கே இருக்கு. கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கோ.

முதலில் பறவைகளின் கணக்கு

நோர்வேயின் ஆர்ட்ஸ்டாட்டாபாங்கென் வெளியிடுகிற சிவப்புப் பட்டியலின் 2021 பதிப்பைப் பார்த்தால், அதில் இருக்கிறவை எங்கேயோ ஃபின்மார்க்கில் வாழுகிற பறவைகள் மட்டும் இல்லை. நாங்கள் தினமும் பார்க்கிற பறவைகளும் இருக்கின்றன. ஓஸ்தென்ஷோவான்னெயில் கத்துகிற கறுப்புத்தலை ஹெத்தமோக்க, மிக உயர்ந்த ஆபத்து நிலையில் இருக்கிறது. ஃபிஸ்கமோக்க, பச்சை நிறக் குரொன்ஃபிங்க் இரண்டும் அழியும் ஆபத்து உள்ளவை. எங்கட அம்மாமாருக்கு ஊரிலேயே பழக்கமான சிட்டுக்குருவி, இங்கே குரோஸ்புர்வ், அதுவும் ஆபத்தை நெருங்கும் பட்டியலில் ஏறிவிட்டது.

இவ்வளவுக்கும் காரணம் பூனை என்று சொன்னால் அது பொய். கடற்பறவைகளுக்கு இரைத் தட்டுப்பாடு, கூடு கட்டும் இடம் சுருங்குவது, பறவைக் காய்ச்சல் என்று பல அடிகள். குரொன்ஃபிங்கை ஒரு ஒட்டுண்ணி நோய் வாட்டியது. பூனை இந்த வரிசையில் இன்னுமொரு சுமை. ஆனால் மற்றச் சுமைகளில் கனக்க எங்கட கையில் இல்லை. இது எங்கட கதவுக்குள்ளால் போய் வருகிறது.

இன்னுமொன்று. நோர்வேக்கு என்று சொந்தமான காட்டுப் பூனை இனம் ஒன்றே ஒன்றுதான்: கௌப்ப. காதில் குஞ்சம் வைத்த அந்தப் பெரிய பூனை. எங்கட சோபாவில் படுக்கிறது மனிதரோடு வந்தது. இந்த நாட்டில் இப்போது ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுப் பூனைகள் இருப்பதாகக் கணக்கு. இயற்கையில் எந்த ஊனுண்ணியும் இந்த நெருக்கத்தில் வாழ முடியாது, ஏனென்றால் இரை தீர்ந்தால் அதுவும் தீரும். பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வேட்டை கிடைக்காத நாளிலும் கிண்ணத்தில் சாப்பாடு இருக்கும்.

ஜிபிஎஸ் சொன்ன கதை

ஓஸில் உள்ள என்எம்பியூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தென்கிழக்கு நோர்வேயின் ஒரு குடியிருப்புப் பகுதியில் 92 வீட்டுப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கட்டி விட்டார்கள். முடிவு 2022 இல் 'சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ்' சஞ்சிகையில் வந்தது. தனித்தனிப் பூனை எங்கே போகிறது என்று முன்னரும் பலர் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் ஒரு ஊரின் பூனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அந்த நிலப்பரப்பின் மேல் பூனை என்கிற ஒரு படலத்தையே வரைந்தார்கள். வானிலை வரைபடத்தில் மழை காட்டுகிற மாதிரி, எங்கே பூனை அடர்த்தி, எங்கே ஐது என்று.

சராசரியாக அந்தப் பூனைகள் வெளியில் இருந்த நேரத்தில் 79 வீதத்தைச் சொந்த வீட்டில் இருந்து 50 மீற்றருக்குள்ளேயே கழித்தன. போன ஆகக்கூடிய தூரம் சராசரியாக 352 மீற்றர்.

இதைக் கேட்டதும் பூனைக்காரர் எல்லாரும் "பாத்தியளோ, எங்கட ஆள் எங்கேயும் போறதில்லை" என்பார்கள். சரி. ஆனால் வரிசை வீடுகள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் 50 மீற்றர் வட்டம் போட்டுப் பாருங்கோ. ஹொல்ம்லியாவிலோ ஃபூருசெத்திலோ ஒரு வட்டமும் தனியாக நிற்காது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரு பற்றையும் மிஞ்சாமல் மூடிவிடும். ஒரு பூனை சோம்பேறியாக இருக்கலாம். ஆனால் ஐந்து சோம்பேறிப் பூனைகளின் வட்டம் சந்திக்கிற இடத்தில் கூடு கட்டின பறவைக்கு ஓய்வே இல்லை.

மூன்று வகைப் பூனை

இந்த விஷயத்தில் சண்டை வருவதற்குப் பாதிக் காரணம், எல்லாரும் "பூனை" என்று சொல்லி வெவ்வேறு விலங்கைப் பற்றிக் கதைப்பது. வீட்டுப் பூனை: ஆள் இருக்கு, கிண்ணம் இருக்கு, வெளியே உலாத்திவிட்டு வரும். கைவிடப்பட்ட பூனை: ஒரு காலத்தில் ஆள் இருந்தது, இப்போது இல்லை. காட்டுத்தனமான பூனை: வெளியிலே பிறந்து மனிதக் கை படாமல் வளர்ந்தது. கிட்டப் போனால் சீறும், மடியில் ஒருக்காலும் ஏறாது.

முதலாவதில் இருந்து இரண்டாவது வருகிறது. இரண்டாவது கருத்தடை செய்யப்படாமல் இருந்தால் மூன்றாவதைப் பெறுகிறது. பெண் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது கிழமையில் குட்டி. ஒரு வருடத்தில் இரண்டு மூன்று ஈற்று. நோர்வேஜியனில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: சொம்மர்கத். கோடைக்கு ஹித்தயில் பிள்ளைகள் விளையாட ஒரு பூனைக்குட்டி, ஒக்டோபரில் கதவைப் பூட்டும்போது அது வெளியே. டீரபெஷித்தெல்சென் என்ற விலங்குப் பாதுகாப்பு அமைப்பு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வீடற்ற பூனைகளை ஏற்கிறது. குளிரில் காது நுனியும் வால் நுனியும் உறைந்து கருகிப்போன பூனைகள் அங்கே புதினம் இல்லை.

எங்கட பக்கத்தையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் குட்டி போட்ட பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் கொண்டுபோய் விடுகிற கதை இல்லாத குடும்பம் இருக்கோ? அது மூன்றாம் நாள் திரும்பி வந்த கதையும் கூடவே வரும், எல்லாரும் சிரிப்பினம். இங்கே அப்படிச் செய்தால் சிரிக்க முடியாது. 2010 இல் நடைமுறைக்கு வந்த விலங்குநலச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, விலங்கை உதவியற்ற நிலையில் விட்டுவிட்டுப் போவதைக் குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 3 ஆம் பிரிவு, மனிதருக்குப் பயன் இருக்கோ இல்லையோ, விலங்குக்குத் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்கிறது. அந்த மதிப்பு பூனைக்கும் உண்டு, அது பிடிக்கிற குஞ்சுக்கும் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குது.

மற்ற நாடுகள் செய்தது

தென்னாபிரிக்காவின் மரியன் தீவில் 1940களின் இறுதியில் வானிலை நிலையத்து எலிகளைப் பிடிக்க ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977 அளவில் அவை சுமார் 3,400 ஆகி, வருடத்திற்கு ஏறக்குறைய 4,55,000 கடற்பறவைகளைக் கொன்றுகொண்டிருந்தன. நோய்க்கிருமி, பொறி, இரவு வேட்டை என்று எல்லாவற்றையும் பாவித்து 1991 இல்தான் கடைசிப் பூனையை அகற்ற முடிந்தது. அதோடு கதை முடிந்ததா? இல்லை. சுண்டெலி மிஞ்சியது. இப்போது அந்த எலிகள் பறவைக் குஞ்சுகளை உயிரோடு தின்னுகின்றன. அவற்றை ஒழிக்க இன்னுமொரு பெரிய திட்டம் போடுகிறார்கள்.

அவுஸ்திரேலியாதான் தொழில்நுட்பத்தில் எல்லை வரைக்கும் போன நாடு. அங்கே ஃபெலிக்சர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. சூரிய மின்னில் இயங்கும். லேசர் உணரிகளால் தனக்கு முன்னால் போகிற விலங்கின் உருவத்தை அளக்கும். பூனை என்று முடிவெடுத்தால் அதன் உடம்பில் நஞ்சுக் களி ஒன்றைப் பீச்சும். பூனைக்குத் தன்னை நக்கித் துப்பரவாக்குகிற பழக்கம். அந்தப் பழக்கமே அதைக் கொன்றுவிடும். பாவிக்கிற நஞ்சு 1080. அவுஸ்திரேலியாவின் சில பகுதிகளில் வளரும் செடிகளிலேயே அந்த நச்சுப்பொருள் இயற்கையாக இருக்கிறது. அதனால் அங்கத்தைய சில உள்ளூர் விலங்குகள் அதை ஓரளவு தாங்கும், பூனை தாங்காது. நியூஹேவன் என்ற இடத்தில் 44 கிலோமீற்றர் நீளத்துக்குப் பூனை ஏறாத வேலி போட்டு, உள்ளே இருந்த பூனைகளை அகற்றிவிட்டு, அருகிப்போன சிறு விலங்குகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நியூசிலாந்தும் 2025 நவம்பரில் காட்டுத்தனமான பூனைகளைத் தன் 2050 ஒழிப்புத் திட்டத்தில் சேர்ப்பதாக அறிவித்தது.

நோர்வேயில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள். ஸ்வால்பார்டில் பூனை வைத்திருக்கவே தடை. நரிகளிடம் விசர்நோய் இருக்கிறது, பறவைகள் நிலத்தில் கூடு கட்டுகின்றன, அதனால். அங்கே ரஷ்யர்களின் பாரென்ட்ஸ்பூர்க்கில் கேஷா என்றொரு பூனை பல வருடம் வாழ்ந்தது. நரி எண்டு பதிஞ்சு கொண்டுவந்ததாகக் கதை. 2024 ஜனவரியில் அது செத்தபோது செய்தியாகவே வந்தது.

மிங்க்கை எடுங்கோ. 1927 இல் மயிர்த்தோல் பண்ணைகளுக்காக அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்தது. சில வருடத்திலேயே தப்பி ஓடி, கரையோரம் முழுக்கப் பரவி, கடற்பறவைக் கூடுகளைச் சூறையாடியது. இன்றைக்கு அதை வருடம் முழுவதும் வேட்டையாடலாம். பறவைத் தீவுகளில் அரசு காசு கொடுத்தே ஒழிக்கிறது. ஒருத்தரும் ஊர்வலம் போகவில்லை. மிங்க் செய்ததும் பூனை செய்வதும் பறவைக்கு ஒன்றுதான். வித்தியாசம், மிங்க் எங்கட கட்டிலில் படுத்ததில்லை.

ஒஸ்லோவுக்கு ஏன் அந்தப் பெட்டி சரிவராது

தொழில்நுட்ப ஆக்களுக்கு, எனக்கும் சேர்த்துத்தான், ஒரு வியாதி இருக்கிறது. நல்ல கருவியைக் கண்டால் அதற்கு ஒரு பிரச்சினை தேடுவோம். ஃபெலிக்சரைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் ஒரு கருவி எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டதோ, அந்த இடத்தின் கணக்கு அதற்குள்ளேயே இருக்கும்.

அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் அடுத்த வீடு நூறு கிலோமீற்றர் தள்ளி. அங்கே திரிகிற பூனைக்கு ஆள் இல்லை என்று துணிந்து சொல்லலாம். குருருத் பள்ளத்தாக்கில் பூனையின் உருவத்தைப் பார்த்து அதற்கு வீடு இருக்கோ இல்லையோ என்று எந்த லேசரும் சொல்லாது. இங்கத்தைய நரிக்கும் மார்ட்டனுக்கும் 1080 தாங்குகிற உடம்பும் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், தீவில் கடைசிப் பூனை போனால் பூனை முடிந்தது. ஒஸ்லோவில் இன்றைக்கு எல்லாத் தெருப் பூனையையும் அகற்றினாலும் அடுத்த ஒக்டோபரில் புதுசு வரும். குழாய் திறந்தபடி இருக்க, நிலத்தைத் துடைத்து என்ன பயன்?

குழாய் எங்கட வீடுகளில் இருக்கிறது. அதை மூடுகிற கருவி அரிசி மணி அளவில் இருக்கிறது.

அரிசி மணிக்குள்ளே 15 இலக்கம்

பூனையின் கழுத்துத் தோலுக்குக் கீழே ஊசியால் போடுகிற சிப்புக்குள் பற்றரி இல்லை. ஒரு சின்னச் செப்புச் சுருள், ஒரு நுண்சில்லு, சுற்றி ஒரு கண்ணாடி உறை. ஸ்கானரைக் கிட்டக் கொண்டுபோனால் அது வெளிவிடுகிற 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் இருந்தே சிப் மின்சாரம் எடுத்து, தன் 15 இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும். முதல் மூன்று இலக்கமும் நாட்டுக் குறியீடாகவோ தயாரிப்பாளர் குறியீடாகவோ இருக்கும். நோர்வேக்கு 578. இலங்கைக்கு 144.

இது ஜிபிஎஸ் இல்லை, எயர்டாக் இல்லை. பூனை எங்கே நிற்கிறது என்று காட்டாது. ஆர் இதுக்குப் பொறுப்பு என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும், அதுவும் டீரஐடி மாதிரியான பதிவேட்டில் உங்கள் தொலைபேசி இலக்கம் சரியாக இருந்தால்தான். இலக்கம் பழசு என்றால் சிப் வெறும் கண்ணாடித் துண்டு.

சுவீடன் 2023 ஜனவரி 1 முதல் பூனைக்குச் சிப்பும் பதிவும் கட்டாயம் என்றது. இங்கிலாந்து 2024 ஜூன் 10 முதல். நோர்வே அரசு 2024 டிசம்பரில் ஸ்தூர்திங்கெற்கு வைத்த விலங்குநல வெள்ளை அறிக்கையில் நாய்க்கும் பூனைக்கும் இந்தக் கட்டாயத்தைக் கொண்டுவர விரும்புவதாகச் சொன்னது. இதைச் சிலர் இன்னுமொரு பதிவு, இன்னுமொரு கட்டணம் என்று பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 14 ஆம் பிரிவு கைவிடுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் கைவிட்டது ஆர் என்று நிரூபிக்க வழி இல்லாவிட்டால் அந்தப் பிரிவு கடதாசியில் மட்டும்தான். சிப் வந்தால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

மணி, சாப்பாடு, கதவு

பூனைக்கு ஆர் மணி கட்டுறது எண்டு நாங்கள் காலங்காலமாகக் கேட்கிறோம். கட்டினால் என்ன நடக்கும் என்று எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் பரிசோதித்தது. 2021 இல் வெளிவந்த ஆய்வு, 219 வீடுகளின் 355 பூனைகள். மணி கட்டின பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் தானியம் இல்லாத, இறைச்சிப் புரதம் கூடிய சாப்பாடு கொடுத்தபோது 36 வீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு வேட்டை விளையாட்டு விளையாடியபோது 25 வீதம் குறைந்தது. பளிச்சென்ற நிறத்தில் கழுத்துப்பட்டித் துணி போட்டபோது கொண்டுவந்த பறவைகள் 42 வீதம் குறைந்தன. மலிவான விஷயங்கள்தான் வேலை செய்கின்றன.

விலை கூடினவையும் இருக்கு. சுவிஸ் நிறுவனமான ஃபிளப்பி, கமராவும் செயற்கை நுண்ணறிவும் வைத்த பூனைக் கதவு ஒன்றைச் செய்கிறது. வாயில் எலியோ பறவையோ இருந்தால் கதவு திறக்காது. பார்க்க வடிவான தொழில்நுட்பம். ஆனால் யோசியுங்கோ, கதவடிக்கு வரும்போது குருவி ஏற்கனவே செத்துப்போச்சு. அந்தக் கதவு காப்பாற்றுவது உங்கள் கார்ப்பெற்றை. அதைவிடச் சாதாரணமான, சிப்பை வாசித்து நேரத்துக்குப் பூட்டுகிற கதவு பறவைக்கு உதவும். பூனையை அதிகாலையில் உள்ளே வைத்திருக்கும்.

"பாவம்" என்கிற சொல்

இனி கஷ்டமான பகுதி. கருத்தடை என்று சொன்னால் வீட்டில் பெரியாக்கள் "பாவம், ஒருக்கா எண்டாலும் குட்டி போடட்டும்" என்பினம். குளிரில் நிற்கிற பூனைக்கு "பாவம்" என்று சாப்பாடு வைப்பினம். தமிழில் பாவம் என்றால் இரக்கமும்தான், செய்யக்கூடாததும்தான். சாப்பாடு மட்டும் வைத்துவிட்டுக் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யாமல் விட்டால், முதல் பாவம் இரண்டாவது பாவமாக மாறும். வசந்தத்தில் நாலு குட்டி. அவற்றில் எத்தனை அடுத்த பனிக்காலத்தைத் தாண்டும்?

பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் திரும்ப விடுகிற முறை உலகம் முழுக்க இருக்கிறது. விலங்குநல ஆக்கள் அதை விரும்புவினம். பறவை ஆக்கள் கேட்பினம்: கருத்தடை செய்த பூனை குட்டி போடாது, சரி, ஆனால் வேட்டையை நிற்பாட்டுமோ? நிற்பாட்டாது. 2013 இல் வந்த அமெரிக்க மதிப்பீடு, அங்கே பூனைகள் வருடத்திற்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாகவும், பெரும்பங்கு ஆளில்லாத பூனைகளால் என்றும் சொன்னது. ஆகவே ஓஸ்தென்ஷோவான்னெ மாதிரி ஒரு காப்பிடத்துக்குப் பக்கத்தில் திரும்ப விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழக்கக்கூடியதற்கு வீடு தேட வேண்டும். ஒருக்காலும் பழகாத, நோயோடு உறைந்துபோகிற பூனைக்கு மிருக வைத்தியரின் ஊசிதான் இரக்கமான முடிவாக இருக்கலாம். இதை எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் அந்த முடிவைப் பனி எடுக்கும், அது இன்னும் மெதுவாகக் கொல்லும்.

அந்தச் சங்கடம் வேண்டாம் என்றால், மூன்றாவது வகைப் பூனை பிறக்காமல் பார்க்க வேண்டும். அது எங்களால் முடியும்.

இந்தக் கிழமை செய்யக்கூடியது

உங்கள் பூனைக்குச் சிப் இருக்கோ என்று பாருங்கோ. இருந்தால் பதிவேட்டில் இலக்கத்தையும் முகவரியையும் சரிபாருங்கோ. வீடு மாறின ஆக்களில் பலர் இதை மறந்திருப்பினம்.

கருத்தடை செய்யாவிட்டால் மிருக வைத்தியரிடம் நேரம் எடுங்கோ. அம்மா அப்பாவோடு கதைக்க வேண்டி வந்தால் மேலே இருக்கிற "பாவம்" பகுதியை வாசித்துக் காட்டுங்கோ.

மே, ஜூன் மாதங்களில் அதிகாலையிலும் பின்னேரத்திலும் பூனையை உள்ளே வைத்திருங்கோ. துரொஸ்ட் குஞ்சுகள் சரியாகப் பறக்கப் பழக முன்னமே கூட்டை விட்டு இறங்கிப் புல்லில் நிற்கிற காலம் அது. நாய்க்காரர் நாலரை மாதம் பொறுக்கினம். நாங்கள் இரண்டு மாதம் பொறுக்கலாம்.

வெளியே ஆளில்லாத பூனை ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் சாப்பாட்டோடு நிற்பாட்டாமல் டீரபெஷித்தெல்சென்னின் உள்ளூர்ப் பிரிவுக்கு அறிவியுங்கோ. துன்புறுத்தலோ கைவிடலோ என்று தெரிந்தால் மாத்தில்சீனெக்கு எழுதுங்கோ. நீங்களே பொறி வைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பூனைக்கு ஜிபிஎஸ் கட்டியிருந்தால் ஒரு கிழமை வரைபடத்தை எங்களுக்கு அனுப்புங்கோ. வீட்டு முகவரி தெரியாத மாதிரி வெட்டிவிட்டு. பத்துப் பதினைந்து வந்தால், ஒஸ்லோத் தமிழ்ப் பூனைகளின் படலத்தை அடுத்த எபிசோட்டில் ஒன்றாகப் பார்ப்போம்.